ஜாம் போத்தலில் வந்த சிலந்தி

இணுவிலில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஆறு வீட்டுத் திறப்புகள் குணலட்சுமியின் கையில் இருந்தன. வீட்டுக்காரர்கள் கனடாவில், லண்டனில், சுவிசில். வாரத்துக்கு ஒருமுறை போய் யன்னல்களைத் திறந்து காற்று வர விட்டு, கூட்டித் துடைத்து, மோட்டரைப் போட்டுத் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். யாராவது ஊருக்கு வருகிறார்கள் என்றால் வேலை கூடும். திரைச்சீலை தோய்க்க வேண்டும், குசினியைக் கழுவ வேண்டும், மெத்தைகளை வெயிலில் போட வேண்டும். வயது நாற்பத்தொன்பது. ஒல்லியான உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கால்கள். எந்த வீட்டுக் கறையான் எந்தச் சுவரில் ஏறுகிறது என்பது வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

அவள் இருந்ததோ கணவனின் வீட்டில், மாமியார் சிவக்கொழுந்துவோடு. கணவன் கேதீஸ்வரன் மருதனார்மடம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்தவன். போர்க்காலத்தில் தள்ளித் தள்ளிப் போய், முப்பத்து மூன்று வயதில்தான் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. இரண்டரை வருடம்கூட நிறையவில்லை. 2010ஆம் ஆண்டு மாசி மாதம் அவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆள் இல்லை. பிள்ளையும் இல்லை.

செத்தவீட்டில், பந்தலுக்குள் சனம் நிறைந்திருந்த நேரம், சிவக்கொழுந்து மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள்: "என்ரை பிள்ளையைத் திண்டுபோட்டாளே! வந்து ரெண்டு வரியத்திலை திண்டுபோட்டாளே!"

யாரும் மறுத்துச் சொல்லவில்லை. பிரேதத்தின் காலடியில் இருந்த குணலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். ஒழுங்கைச் சனம் முழுக்கத் தன்னைத்தான் பார்க்கிறது என்று தெரிந்ததும் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் அவளுடைய தமையன் கிளிநொச்சியிலிருந்து கூட்டிப்போக வந்தார். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னர் சிவக்கொழுந்து கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்திருந்தாள். மகள் பிரான்சில். பார்க்க வேறு ஆளில்லை. "மாமிக்கு இடுப்புச் சுகமாகட்டும் அண்ணை, பிறகு வாறன்" என்று குணலட்சுமி சொன்னாள். நாலு மாதத்தில் இடுப்புச் சுகமானது. போகச் சொல்லி மாமி சொல்லவில்லை. போகிறேன் என்று மருமகளும் சொல்லவில்லை. அப்படியே பதின்மூன்று வருடம் போய்விட்டது.

இரண்டு பேரும் சண்டை பிடிப்பதில்லை. கதைப்பதும் இல்லை. "சோறு கிடக்கு." "தண்ணி வருது." "கரண்ட் இல்லை." அவ்வளவுதான். கூப்பிட வேண்டுமென்றால் சிவக்கொழுந்து "இஞ்சை" என்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

2023 ஆவணி மாதம். நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. தியாகராசா வீட்டுக்கு அவருடைய மகன் கோபிசங்கர் ரொறன்ரோவிலிருந்து மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். நாலு வருடத்துக்குப் பிறகு வருகிறார்கள். புதன்கிழமை காலை எட்டு மணிக்கே குணலட்சுமி அங்கே போய்விட்டாள். உள்ளறைகள் முடிந்தன. பின்விறாந்தையில் பன்னிரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நாலு வருடமாக யாரும் தொடாத அடுக்கு. ஒவ்வொன்றாக இழுத்து முற்றத்தில் வைத்துக் கழுவத் தொடங்கினாள்.

ஐந்தாவது கதிரை இறுகியிருந்தது. விளிம்புக்குக் கீழே விரல்களைக் கொடுத்துத் தூக்கினாள். அடியில் சிலந்திவலை. வீட்டு மூலைகளில் தும்புத்தடியால் தட்டினால் பஞ்சாக விழுந்துபோகும் வலையல்ல. ஒழுங்கில்லாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய, நைலோன் நூலைப்போல உரமான வலை. அறும்போது 'சர்' என்று சத்தமே கேட்டது. அதே நேரம் சுட்டுவிரலின் பக்கத்தில் குண்டூசி குத்தியதுபோல ஒரு சுள்ளென்ற வலி. கையை எடுத்தாள். கறுப்பாக, மினுமினுப்பாக, ஒரு கடலையளவு சிலந்தி கால்களை ஒடுக்கிக்கொண்டு நூலில் இறங்கி, கீழே இருந்த கதிரைக்குள் மறைந்தது.

இத்தனை வருடமாக எத்தனையோ சிலந்திகளை அடித்திருக்கிறாள். விரலை வாயில் வைத்துச் சூப்பினாள், குழாயில் கழுவினாள், அடுத்த கதிரைக்குப் போனாள். விரலில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. வீக்கம்கூட இல்லை.

அரைமணித்தியாலம் ஆகவில்லை, நோ முழங்கைக்கு ஏறியது. பிறகு கமக்கட்டுக்கு வந்தது. பிறகு கையை விட்டுவிட்டு நேராக வயிற்றைப் பிடித்தது. யாரோ குடலைப் பிடித்து ஈரச்சேலை பிழிவதுபோல முறுக்கினார்கள். வேர்வை கொட்டியது. அந்த நிலையிலும் உள்ளே போய் யன்னல்களைச் சாத்தி, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படலையைத் தாண்டினாள்.

சிவக்கொழுந்து வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். மருமகள் ஒழுங்கையில் வேலியைப் பிடித்துப் பிடித்து வருவதைக் கண்டாள்.

"என்ன செய்யுது?"

"வயித்துக்கை… சரியான நோ மாமி. மூச்சு விட ஏலாமல் கிடக்கு."

"என்ன திண்டனி?"

"ஒண்டுமில்லை. சிலந்தி ஒண்டு கடிச்சது. அதாலை இராது…"

சிவக்கொழுந்து எழுந்து வந்து மருமகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பலகைபோல இறுகியிருந்தது. தொட்ட கையை எடுத்தவள், செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். எழுபத்தாறு வயது. முறிந்து பொருந்திய இடுப்பு. மூன்று வீடு தள்ளி இருந்த சோமசேகரம் தன் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "எடு வாகனத்தை! கெதியா எடு!" என்று அவள் போட்ட சத்தத்தில் துணியை நிலத்தில் போட்டுவிட்டு ஏறினான்.

ஆஸ்பத்திரியில் குணலட்சுமியைக் கட்டிலில் நேராகப் படுக்க வைக்க முடியவில்லை. சுருண்டாள், எழும்பினாள், மறுபடி சுருண்டாள். முதுகும் தொடைகளும் தானாகவே துடித்தன. பிரஷர் மேலே மேலே போனது. வயிற்றைத் தொட்டுப் பார்த்த டொக்டர்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உள்ளே குடல் எங்கேயோ ஓட்டையாகியிருக்கலாம், திறந்து பார்க்கவேண்டி வரும் என்ற பேச்சு அவள் காதில் விழுந்தது. ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், ஸ்கானுக்குச் சொல்லியனுப்பினார்கள். "சிலந்தி கடிச்சது" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு தரம் சொன்னாள். விரலைப் பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

சிவக்கொழுந்து வெளியே நின்ற இளம் பெண் டொக்டரைப் பிடித்துக்கொண்டாள். மதுரா என்று பெயர்.

"டொக்டர் பிள்ளை, குணத்தை வெட்டப் போறியளோ?"

உள்ளே சுருண்டு கிடந்த குணலட்சுமிக்கு அது கேட்டது. அவ்வளவு நோவுக்குள்ளும், மாமி சொல்லுவது தன்னுடைய பெயரைத்தான் என்று புரிய ஒரு கணம் எடுத்தது.

"இன்னும் முடிவெடுக்கேல்லை அம்மா. ஆனால் கனநேரம் பாத்துக்கொண்டு இருக்கவும் ஏலாது."

"அவள் பொய் சொல்லமாட்டாள். சிலந்தி எண்டால் சிலந்திதான்."

மதுரா உள்ளே வந்து குணலட்சுமியின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "அக்கா, எப்பிடிச் சிலந்தி? எங்கை இருந்தது?"

"கறுப்பு… மினுங்கினது… கதிரைக்கு அடியிலை."

"அதைக் கண்ணாலை பாக்கக் கிடைச்சால் எங்களுக்கு நல்லது" என்று மதுரா சொன்னதுதான் தாமதம். சிவக்கொழுந்து மருமகளின் இடுப்பில் சொருகியிருந்த திறப்புக் கோர்வையை உருவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே நடந்ததைப் பிறகு சோமசேகரம்தான் குணலட்சுமிக்குச் சொன்னான். ஒருதரமல்ல, காண்கிறபோதெல்லாம் சொன்னான். கிழவி வீட்டுக்குப் போய் ஒரு வெறும் ஜாம் போத்தலையும், அலுமாரிக்கு மேலே கிடந்த தடித்த கல்யாணக் கார்ட் ஒன்றையும் எடுத்தாளாம். தியாகராசா வீட்டுப் பின்விறாந்தையில் மிச்சக் கதிரைகளை ஊன்றுதடியால் நெம்பி ஒவ்வொன்றாகப் பிரட்டினாளாம். சோமசேகரம் முற்றத்து மாமரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, "ஆச்சி, கவனம்! ஆச்சி, கிட்டப் போகாதையுங்கோ!" என்று கத்திக்கொண்டிருந்தானாம்.

மூன்றாவது கதிரையின் அடியில் அது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வயிறு கரும்பாசி மணிபோல உருண்டை. அதில் இரத்தப்பொட்டு மாதிரி ஒரு சிவப்பு. பக்கத்தில் பட்டாணியளவில், கடதாசியில் உருட்டியதுபோல இரண்டு முட்டைக் கூடுகள். தடி பட்டதும் சிலந்தி கால்களை மடக்கிக்கொண்டு செத்ததுபோல விழுந்தது.

"செத்துப்போச்சு ஆச்சி!" என்று சோமசேகரம் சந்தோசப்பட்டான்.

"நடிக்குதடா" என்றாள் சிவக்கொழுந்து. போத்தலால் மூடி, கார்ட்டைக் கீழே மெதுவாகத் தள்ளி, நிமிர்த்தி, மூடியை இறுக்கினாள். போத்தலுக்குள் அது கால்களை விரித்து நடந்தது. ஆஸ்பத்திரி வரும்வரைக்கும் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாளாம். சோமசேகரம் ஓட்டோ ஓட்டியதைவிடக் கண்ணாடியில் பின்னுக்குப் பார்த்ததுதான் அதிகம்.

மதுரா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெரிய டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ஸ்கானும் வந்தது, குடலில் ஒன்றுமில்லை. வெட்டும் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் நோ நிற்கவில்லை. அந்த விசத்துக்கென்று மாற்றுமருந்து அங்கே இருக்கவில்லை. நோவுக்கும், தசைகளின் இறுக்கத்துக்கும் ஊசி போட்டார்கள். பிரஷரை மணிக்கொருதரம் பார்த்தார்கள். ஊசி வேலை செய்யும்போது குணலட்சுமி அயர்ந்தாள், விடும்போது முனகினாள். புதன் போய் வியாழன் வந்தும் வேர்வை ஓயவில்லை. சிவக்கொழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டேயிருந்தாள். வெள்ளிக்கிழமை விடிய, குணலட்சுமி முதல்தரமாகக் காலை நீட்டிப் படுத்தாள்.

அன்றைக்குக் காலமை வாட்டுக்கு வந்த மதுராவின் முகத்தில் சிரிப்பு இருந்தது. "இனிப் பயமில்லை அக்கா. உங்கடை போத்தலைத் யாழ்ப்பாணக் கம்பஸ் ஆக்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போட்டினம்."

"அது என்ன சிலந்தி டொக்டர்?" என்று குணலட்சுமி கேட்டாள்.

மதுரா கொஞ்சம் தயங்கினாள். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில், கணவன் இறந்தது உட்பட, குணலட்சுமியின் விபரம் எழுதியிருந்தது. அதை அவள் வாசித்திருக்க வேண்டும். "அமெரிக்காவிலை கறுப்பு விதவை எண்டு ஒரு சிலந்தி இருக்கு. இதுவும் அந்தக் குடும்பம்தான். விதவைச் சிலந்தி எண்டு சொல்லுறவை."

"ஏன் அப்பிடிப் பேர்?" இதைக் கேட்டது சிவக்கொழுந்து.

"பெண் சிலந்தி, சேர்ந்தாப்பிறகு ஆணைத் தின்னும் எண்டு ஒரு கதை."

குணலட்சுமி முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். 'திண்டுபோட்டாள்' என்ற அந்த வார்த்தையைப் பதின்மூன்று வருடத்தில் வேறு யாரும் அவளுக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் தாம்பாளத்தை அவளைத் தாண்டி நீட்டியபோதெல்லாம் அவளுக்கு அது கேட்டிருக்கிறது.

மதுரா தொடர்ந்தாள். "உண்மையிலை அது எப்பவும் தின்னிறேல்லை. சில இனத்திலைதான் அப்பிடி அடிக்கடி நடக்கிறது. கனபேர் அதைக் கண்டது, ரெண்டையும் ஒரு சின்னப் போத்தலுக்கை அடைச்சு வைச்சுத்தான். ஓட இடமில்லாட்டி ஆண் என்ன செய்யும்? வெளியிலை கனக்க ஆண் சிலந்தியள் தப்பிப் போயிடுமாம். ஆணுக்கு ஆயுளே கொஞ்சக் காலம்தான். அது தன்ரைபாட்டிலை செத்தாலும் பழி மற்றதுக்கு."

"அப்ப ஆக்களை ஏன் கடிக்குது?"

"தேடி வந்து கடிக்காது அம்மா. அதுக்குக் கண் பார்வையும் பெரிசா இல்லை. ஆள் போகாத மூலை பாத்து இருக்கும். கை பட்டு நசிஞ்சால் கடிக்கும், முட்டையோடை இருந்தால் கடிக்கும். அக்காவின்ரை விரல் அதை நெரிச்சிருக்கும்."

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனபிறகு சிவக்கொழுந்து பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணியை ஊற்றினாள். மருமகளிடம் நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டேயிருந்தாள்.

"அண்டைக்கு நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய்."

"எதை மாமி?"

"எது எண்டு உனக்குத் தெரியும்."

தெரியாது என்று சொல்லக் குணலட்சுமிக்கு வாய் வரவில்லை. பரவாயில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

"நாலு பேருக்கு முன்னாலை சொன்னது" என்றாள் சிவக்கொழுந்து. "இப்ப உன்ரை காதுக்கை சொல்லி என்ன பிரயோசனம்."

தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். அந்த வாட்டில் பன்னிரண்டு கட்டில். பார்க்க வந்த சனமும் நின்றது. சிவக்கொழுந்து யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், செத்தவீட்டில் கத்திய அதே உரத்த குரலில் சொன்னாள்:

"இவள் என்ரை மருமகள். குணம். என்ரை இடுப்பு முறிஞ்சு கிடக்கேக்கை மூத்திரச் சட்டி எடுத்தவள். என்ரை மகன் டெங்குக் காய்ச்சலிலை செத்தவன். கொசு கடிச்சுச் செத்தவன். எல்லாருக்கும் விளங்குதோ?"

ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த சிசிலியா என்ற பெண் மட்டும், "ஓம் ஆச்சி" என்றாள், என்னவோ ஏதோ என்று. தாதி ஓடிவந்து, "ஆச்சி, சத்தம் போடாமல் இருங்கோ" என்றாள். சிவக்கொழுந்து திரும்பி வந்து ஸ்டூலில் இருந்தாள். குணலட்சுமி போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள். அழுகை வந்தது. அழுதால் வயிற்றுத் தசை நொந்தது. அதனால் நிறுத்தி நிறுத்தி அழவேண்டியிருந்தது.

அன்று மத்தியானமே அவளுக்குக் கதிரைகளின் நினைப்பு வந்துவிட்டது. இரண்டு சின்னப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அந்த வீட்டில் இருந்தது ஒரு சிலந்திதான் என்று யார் கண்டது? போனை எடுத்துக் கோபிசங்கருக்கு நடந்ததைச் சொன்னாள். அவன் பதறிப்போனான்.

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. நாங்கள் ஹோட்டலிலை நிக்கிறம். வீடு முழுக்க மருந்தடிக்கச் சொல்லுறன். நல்ல கடுமையா அடிக்கச் சொல்லுறன்."

"வேண்டாம் தம்பி. மருந்தடிச்சால் சின்னனுகள் அதைத்தான் மூக்காலை இழுக்குங்கள். அது ஒளிச்சிருக்கிற இடுக்குக்குள்ளை மருந்து போய்ச் சேராது. நாளைக்குத் துண்டு வெட்டி என்னை வீட்டை விடுகினம். நான் பாத்துச் செய்யிறன்."

"உங்களுக்கு ஏலுமோ அக்கா?"

ஏலும் என்றுதான் சொன்னாள். சனிக்கிழமை பின்னேரம் அந்தப் பின்விறாந்தையில் போயும் நின்றாள். தடித்த கையுறை போட்டிருந்தாள், முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள், காலில் சப்பாத்து. என்றாலும் முதல் கதிரைக்கு அருகில் விரல் போகவேயில்லை. நிழல் விழுந்த இடமெல்லாம் அது இருப்பதுபோலத் தோன்றியது.

"நீ டோர்ச்சைப் பிடி" என்றாள் கூடவே வந்திருந்த சிவக்கொழுந்து. "நான் பிரட்டுறன்."

"உங்களுக்கு இடுப்பு…"

"இடுப்பைச் சிலந்தி கேக்காது. வெளிச்சத்தைக் காட்டு."

கிழவி தும்புத்தடியால் பிரட்டினாள். மருமகள் வெளிச்சம் காட்டினாள். பத்தாவது கதிரைக்குப் பிறகு தும்புத்தடி குணலட்சுமியின் கைக்கு மாறியது. எப்போது மாறியது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. கதிரைகளில் வேறொன்றும் இல்லை. மோட்டர் அறையில், சுவிச் பெட்டிக்குக் கீழே ஒன்று இருந்தது. வெளிக் கக்கூஸ் கோப்பையின் விளிம்புக்கு அடியில் ஒன்று. அதைக் கண்டபோது குணலட்சுமிக்குப் பிள்ளைகளின் நினைப்பு வந்தது. கடைசியாக, மதிலோரம் கவிழ்த்திருந்த பூச்சாடிக்குள் ஒன்று முட்டைக்கூட்டின்மேல் கால்களைப் பரப்பி நின்றது. வெளிச்சம் பட்டும் அது ஓடவில்லை, செத்ததுபோல நடிக்கவும் இல்லை.

செருப்பை ஓங்கிய சிவக்கொழுந்து நிறுத்தினாள். "முட்டையை விட்டிட்டுப் போகுதில்லை, பார்."

இரண்டு பேரும் கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு அடி தள்ளித்தான் பிள்ளைகள் விளையாடும் ஊஞ்சல் தொங்கியது.

"சின்னனுகள் வருகுதுகள் மாமி" என்றாள் குணலட்சுமி.

அடித்தது அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய வான் வண்டி வாசலில் வந்து நின்றது. கோபிசங்கரின் ஐந்து வயது மகள் இறங்கியதும் இறங்காததுமாக முற்றத்துக் கதிரையில் ஏறப் போனாள். "பொறு!" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிள்ளை திகைத்து நின்றது. குணலட்சுமி கதிரையைப் பிரட்டி அடியைக் காட்டினாள். கழுவித் துடைத்த வெள்ளைப் பிளாஸ்டிக். "இப்ப இரு" என்றாள். அதோடு அந்தப் பிள்ளைக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. நின்ற மூன்று கிழமையும், போன வீடுகளிலெல்லாம், கதிரையைப் பிரட்டிப் பார்க்காமல் அது இருக்கவேயில்லை.

விரலில் ஒரு விறைப்பு புரட்டாசிவரை இருந்தது. அதன்பிறகு அதுவும் போனது. ஆறு வீட்டுக்கும் மாமியும் மருமகளுமாகத்தான் போனார்கள். சப்பாத்தை உதறிப் போடுவது, விறகைத் தடியால் தட்டிவிட்டு எடுப்பது, ஒவ்வொரு கிழமையும் மூலைமுடுக்குகளைக் கூட்டுவது என்று சிவக்கொழுந்து அயலுக்கெல்லாம் சட்டம் போட்டாள். சில பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தி, மோட்டர் அறைக்குள் கறுப்பாக ஏதோ தொங்குகிறது, வந்து பார்க்க முடியுமா என்று ஆள் விட்டாள். போய்ப் பார்த்தார்கள், அது ஒட்டடையில் சிக்கிய வெறும் பல்லி எச்சம். கிழவிக்கு இரண்டு நாள் சிரிப்பு அடங்கவில்லை.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முந்தின கிழமை சிவக்கொழுந்துக்குத் தடிமனும் காய்ச்சலும். லண்டன்காரர் வீட்டுக்குக் குணலட்சுமி தனியே போகவேண்டி வந்தது. கதவைத் திறந்துவிட்டு வாசலில் நின்றாள். உள்ளே இருட்டு. கையுறையைப் போட்டாள், டோர்ச்சை எடுத்தாள், நுழைந்தாள். முதல் அறையின் யன்னலைத் திறப்பதற்குள் போன் அடித்தது. எடுத்தது, போனைத் தொடவே மாட்டேன் என்றிருந்த மாமி.

"கதிரையைப் பிரட்டினியோ?"

"இப்பதான் உள்ளுக்கை வந்தனான் மாமி."

"கையுறை?"

"போட்டிருக்கிறன்."

"சரி, வை." இருமல் சத்தம் கேட்டது. பிறகு, "குணம்."

"ஓம்?"

"கஞ்சி வைச்சிருக்கிறன். ஆறமுன்னம் வா."

"காய்ச்சலோடை ஏன் அடுப்படிக்குப் போனனீங்கள்?" என்று குணலட்சுமி சத்தம் போட்டாள். மறுபக்கத்தில் மாமியும் ஏதோ சத்தம் போட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்ததில் ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை. போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, குணலட்சுமி யன்னலை அகலத் திறந்தாள்.